பட்டம் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் எல்லா வீட்டுக்கும் ஒரே அறிவுரை வந்து சேரும்: “நாக் கிரேடு இருக்கான்னு பாத்துட்டுச் சேருப்பா.” நாக் என்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தர மதிப்பெண் போடும் அமைப்பு. பள்ளி ஆசிரியர் சொல்வார், சித்தப்பா சொல்வார், கல்விக் கடன் விசாரிக்கப் போன வங்கியிலும் சொல்வார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. போலிப் பல்கலைக்கழகம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட வசதியான அறிவுரை கிடையாது. முத்திரையைப் பார்த்துச் சேரச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். அவர்கள் முத்திரையைக் காட்டுகிறார்கள். வட்டமாக ஒரு சின்னம், நடுவில் தீபம், சுற்றிலும் ஆங்கில எழுத்து, கீழே ‘ஏ பிளஸ் பிளஸ்’. எந்த டிசைன் கடையிலும் அரை மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது தரத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை இவர்களுக்கு எந்தச் சட்டம், எந்த ஆண்டில் கொடுத்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் கிரேடுக்கு அர்த்தம் உண்டு. ஓட்டுநர் உரிமமே இல்லாத ஒருவருக்கு ‘நன்றாக வண்டி ஓட்டுகிறார்’ என்று நற்சான்று இருந்து என்ன பயன்?

1956-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அதன் 22-வது பிரிவின்படி பட்டம் கொடுக்கக்கூடியவர்கள் மூன்று வகையினர்தான்: நாடாளுமன்றச் சட்டமோ மாநிலச் சட்டமோ உருவாக்கிய பல்கலைக்கழகம்; 3-வது பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம்; பட்டம் கொடுக்க நாடாளுமன்றமே தனிச் சட்டத்தால் அனுமதித்த நிறுவனம். மூன்றாவது வகையில் ஐஐடி, எய்ம்ஸ் போன்றவை வரும். யுஜிசியின் பல்கலைக்கழகப் பட்டியலில் ஐஐடியைக் காணோமே என்று பயப்பட வேண்டியதில்லை; தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களின் பட்டியல் கல்வி அமைச்சகத்திடம் தனியாக இருக்கிறது. இந்த மூன்றுக்கும் வெளியே இருப்பவர் யாரானாலும் தம் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று போட்டுக்கொள்வதே 23-வது பிரிவின்படி குற்றம். ஆனால் 24-வது பிரிவு சொல்லும் தண்டனை என்ன தெரியுமா? அதிகபட்சம் 1000 ரூபாய் அபராதம். வேலூரில் ஒரு மாத மெஸ் கட்டணத்துக்குக்கூட அது காணாது. யுஜிசி ஆண்டுதோறும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிட்டும், டெல்லி, உத்தரப் பிரதேசம், கேரளா, ஆந்திரா, புதுச்சேரி முகவரிகளோடு அதே பெயர்கள் திரும்பத் திரும்ப அதில் வருவதற்கு இந்த அபராதத் தொகையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நம் ஊர்க் கல்வி நிலையங்களையே இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் பிடிபடும். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல் மாநிலச் சட்டத்தால் வந்தது. விஐடி 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-ல் நிகர்நிலை ஆனது. ஊரீஸ் கல்லூரி நூறாண்டைக் கடந்தது. ஆனாலும் அது தானே பட்டம் கொடுப்பதில்லை, திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான் கொடுக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றாலும் இதே கதைதான்: பரீட்சையைக் கல்லூரி நடத்தும், பட்டத்தில் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகம். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சிஎம்சியின் எம்பிபிஎஸ் பட்டமும் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். சிஎம்சியே சொந்தமாகப் பட்டம் அச்சடிப்பதில்லை எனும்போது, ஆற்காடு ரோட்டில் மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்த ‘இன்ஸ்டிடியூட்’ தானே டிகிரி கொடுப்பதாகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று: தமிழ்நாட்டில் தனியார் நடத்தும் ‘யுனிவர்சிட்டி’களில் மிகப் பெரும்பாலானவை நிகர்நிலைதான். மாநிலச் சட்டத்தால் அமைந்த தனியார் பல்கலைக்கழகங்கள் இங்கே மிகக் குறைவு. யாராவது ‘தமிழ்நாடு அரசுச் சட்டப்படி அமைந்த தனியார் பல்கலை’ என்று சொன்னால் சட்டத்தின் எண்ணையும் ஆண்டையும் கேளுங்கள். உண்மையானவர்கள் அதை முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

சட்டம் இருந்தாலே போதுமா என்றால், அதுவும் எப்போதும் போதாது. சத்தீஸ்கர் 2002-ல் போட்ட ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் அறிவிக்கப்பட்டன. பலவற்றுக்குக் கட்டடமே இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அவை அத்தனையும் ஒரே நாளில் பல்கலைக்கழகம் என்ற தகுதியை இழந்தன.

முத்திரைகளின் பின்னால்

நாக் 1994-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஒரு கல்வி நிறுவனம் எப்படி நடக்கிறது என்று மதிப்பெண் போடுவதுதான் அதன் வேலை. 4-க்கு 3.51 வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ், 3.26 வாங்கினால் ஏ பிளஸ், 3.01 வாங்கினால் ஏ. சான்று பொதுவாக 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆறு ஆண்டு நடந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து வெளியே போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாக்கிடம் விண்ணப்பிக்கவே முடியும். போன வருஷம் தொடங்கிய நிறுவனம் ஏ பிளஸ் பிளஸ் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இந்த மதிப்பெண்ணைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாத நிலை வந்தது வருத்தத்துக்குரியது. 2025 பிப்ரவரியில், ஆந்திராவின் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரை சிபிஐ கைது செய்தது. பொறியியலுக்கு என்பிஏ என்று வேறோர் அமைப்பு இருக்கிறது. அது பாடப்பிரிவுக்குத்தான் சான்று கொடுக்கும், கல்லூரி முழுவதற்கும் அல்ல. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்பிஏ சான்றை ஃப்ளெக்ஸில் பெரிதாகப் போட்டு, சிவிலுக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் சேர்த்து ஆள் பிடிப்பது உண்டு.

மற்ற முத்திரைகள் பெரும்பாலும் படிப்போடு சம்பந்தமே இல்லாதவை. ‘ஐஎஸ்ஓ 9001’ ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குத் தனியார் தணிக்கை நிறுவனங்கள் கொடுக்கும் சான்று. தோல் தொழிற்சாலையும் வாங்கலாம், டுடோரியலும் வாங்கலாம். ‘மத்திய அரசில் பதிவு பெற்றது’ என்று எழுதியிருந்தால் அது டிரஸ்ட் பதிவாக இருக்கும், அல்லது 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவுக் கம்பெனியாக இருக்கும், அல்லது உத்யம் எனும் சிறுதொழில் பதிவாக, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக் தர்ப்பண் எண்ணாக இருக்கும். இவை எல்லாமே உண்மையான பதிவுகள், அந்த எண்கள் சரியாகவே இருக்கும். ஏமாற்று வேலை நடப்பதே இங்குதான்: எண்ணைத் தேடிப் பார்த்தவருக்கு அரசு இணையதளத்தில் பெயர் வந்துவிடும், நம்பிவிடுவார். அந்தப் பதிவு எதுவும் பட்டம் கொடுக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை. ‘யுனெஸ்கோ அங்கீகாரம்’ என்பது இன்னும் மோசம். யுனெஸ்கோ உலகில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட பொறுப்பு தனக்குக் கிடையாது என்று அதுவே சொல்லியிருக்கிறது.

இடத்தை வாடகைக்கு எடுத்து மதிப்பை வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தில் ஒரு தனியார் அமைப்பு திரையுலகினர் உட்படப் பலருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அரங்கம் அண்ணா பல்கலையுடையது, பட்டம் அதனுடையது அல்ல. பிறகு பல்கலைக்கழகமே காவல்துறைக்குப் புகார் கொடுக்க வேண்டி வந்தது. போட்டோவில் பின்னணிச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துப் பட்டத்தை நம்பியவர்கள் பெரிய மனிதர்களே என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

எங்கிருந்து தேடத் தொடங்குவது

எல்லாம் திரும்புகிற இடம் என்று நான் கருதுவது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் அந்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். ‘அங்கீகாரம்’ என்ற பட்டனை அழுத்துவார்கள், ஒரு கடிதம் பிடிஎஃப்பாகத் திறக்கும், யுஜிசி லெட்டர்ஹெட், கையெழுத்து, கோப்பு எண் எல்லாம் இருக்கும். அல்லது வேறொரு பக்கத்துக்குப் போகும், அங்கே ‘அக்ரெடிடேஷன் கவுன்சில்’ ஒன்று இந்த நிறுவனத்தைப் பட்டியலிட்டிருக்கும். இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்க முடியும். கராச்சியில் ஆக்ஸாக்ட் என்ற மென்பொருள் நிறுவனம் செய்தது இதைத்தான். 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வில், அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய 370 இணையதளங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. பல்கலைக்கழகங்கள், பள்ளிகள் மட்டுமல்ல, அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகளும் அவர்களே உருவாக்கியவை. ஒரு போலி இன்னொரு போலிக்குச் சாட்சி சொன்னது. படித்துப் பார்த்தவர்கள் எல்லாம் ‘சரிபார்த்துவிட்டோம்’ என்று நம்பித்தான் பணம் கட்டினார்கள்.

ஆகவே அவர்கள் கொடுக்கும் எந்த இணைப்பையும், எந்த பிடிஎஃப்பையும், எந்த போன் நம்பரையும் சரிபார்க்கப் பயன்படுத்தக்கூடாது. புது டேப் திறந்து, யுஜிசியின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். அங்கே மத்திய, மாநில, நிகர்நிலை, தனியார் என்று நான்கு பட்டியல்கள் இருக்கின்றன. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், கூடவே ஊரையும் மாநிலத்தையும். ‘இன்டர்நேஷனல்’, ‘ஓபன்’, ‘குளோபல்’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் அது வேறு நிறுவனம். பிறகு யுஜிசி பட்டியலில் இருக்கும் இணையதள முகவரியும் உங்களுக்கு ஏஜென்ட் அனுப்பிய முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரைத் திருடி, முகவரியில் ஒரு கோட்டையோ எழுத்தையோ மாற்றிப் போலி தளம் வைப்பவர்களை இந்த ஒப்பீடுதான் காட்டிக் கொடுக்கும். ‘ஏசி டாட் இன்’, ‘இடியு டாட் இன்’ முகவரிகளை எர்நெட் இந்தியா மட்டுமே பதிவு செய்து கொடுக்கிறது, ஆவணம் கேட்டுத்தான் கொடுக்கும். ஆனால் பயிற்சி நிறுவனங்களும் பள்ளிகளும் அவற்றை வாங்கலாம் என்பதால் அது மட்டும் ஆதாரமாகாது. ‘ஓஆர்ஜி டாட் இன்’, ‘சிஓ டாட் இன்’ ஆகியவற்றை நீங்களும் நானும்கூட இன்றைக்கே வாங்கலாம். ‘1987 முதல்’ என்று சொல்லும் நிறுவனத்தின் இணைய முகவரி எப்போது பதிவானது என்பதை ‘ஹூ-இஸ்’ தேடலில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். போன வருஷம் என்று வந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

சான்றிதழில் க்யூஆர் கோடு இருப்பதை இப்போது பெரிய பாதுகாப்பாகச் சொல்கிறார்கள். க்யூஆர் என்பது ஒரு முகவரி மட்டுமே. ஸ்கேன் செய்ததும் பச்சை டிக் வருவதைப் பார்க்காமல், எந்த முகவரி திறக்கிறது என்று மேலே பாருங்கள். போலிக்காரரின் சொந்தத் தளம் திறந்தால் அந்தப் பச்சை டிக்குக்கு மதிப்பில்லை. அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் ஒரு கவனம் வேண்டும். பல்கலைக்கழகம் நேரடியாக ஏற்றிய ஆவணம் ‘இஷ்யூட்’ பகுதியில் வரும். ‘டிரைவ்’ பகுதியில் யார் வேண்டுமானாலும் எதையும் ஸ்கேன் செய்து போட்டுக்கொள்ளலாம். டிஜிலாக்கர் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி வேலைக்கு வருபவரிடம், செயலியையே திறந்து ‘இஷ்யூட்’ பகுதியைக் காட்டச் சொல்ல வேண்டும்.

‘கரஸ்’ படிப்பும் ஸ்டடி சென்டர்களும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராக இருப்பவர்கள் பிரமோஷனுக்கு டிகிரி தேடும்போது விழுவது இந்தக் குழியில்தான். இங்கே பல்கலைக்கழகம் உண்மையாக இருக்கும், படிப்புக்கு அனுமதி இருக்காது. தொலைநிலைக் கல்விக்கும் ஆன்லைன் படிப்புக்கும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு கல்வியாண்டுக்கும், ஜூலை சேர்க்கையா ஜனவரி சேர்க்கையா என்பதற்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. ‘டெப்’ என்று சொல்லும் அந்தப் பிரிவின் தளத்தில் ஆண்டையும் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுத்தால் அனுமதி உள்ள படிப்புகள் வரும். பி.காம்.-க்கு அனுமதி இருந்து பிபிஏ-வுக்கு இல்லாமல் இருக்கலாம். ஏஜென்ட் காட்டும் கடிதம் ஐந்து ஆண்டுக்கு முந்தையதாக இருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பற்றியே 2022-ல் யுஜிசி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது: அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அனுமதி, பிறகு இல்லை என்று. தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பழக்கமான பெயர் அது! பெரிய பெயர் என்பதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

2024 முதல் மாணவர் தரப்பிலும் ஒரு நல்ல கதவு வந்திருக்கிறது. தொலைநிலை அல்லது ஆன்லைன் படிப்பில் சேர்பவர் முதலில் ஏபிசி எனும் கல்வி மதிப்பெண் வங்கிக் கணக்கு எண்ணை வாங்கி, அதை வைத்து டெப் தளத்தில் தன் பெயரில் ‘டெப் ஐடி’ உருவாக்க வேண்டும். அது இல்லாமல் சேர்க்கை செல்லாது. “டெப் ஐடியெல்லாம் அப்புறம் நாங்களே போட்டுக்கறோம் தம்பி, நீ போட்டோ மட்டும் அனுப்பு” என்று சொல்பவர் உங்கள் சேர்க்கையைப் பல்கலைக்கழகத்தில் காட்டப்போவதே இல்லை. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே கிடையாது, பிஎச்.டி.யும் அப்படியே. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களைச் செல்லாததாக்கியது. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் மறுபரீட்சை எழுதித் தப்பிக்க வழி விட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் பட்டத்தை இழந்தார்கள், அந்தப் பட்டத்தால் கிடைத்த பதவி உயர்வையும் இழந்தார்கள். சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்க விரும்பும் டிப்ளமோக்காரருக்கு நேரான வழி இருக்கிறது: பணியில் இருப்பவர்களுக்கென்று நெகிழ்வான நேரத்தில் வகுப்பு நடத்த, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2023-லிருந்து கல்லூரிகளுக்கு அனுமதி தருகிறது. வகுப்புக்கு நேரில் போக வேண்டும். களைப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பட்டம் நிற்கும்.

சிஎம்சி இருக்கும் ஊர் என்பதால் ‘ஓராண்டு நர்சிங் டிப்ளமோ’ விளம்பரங்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஜிஎன்எம் எனும் நர்சிங் டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இரண்டில் ஒன்றை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் (நர்சிங் கவுன்சிலில்) பதிவு செய்தால்தான் நர்ஸ். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “இதை முடிச்சா கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?” முடியாது என்றால், கிளினிக்கில் உதவியாளராக இருக்கலாம், நர்ஸ் ஆக முடியாது. வளைகுடாவுக்குப் போக நினைக்கும் மேல்விஷாரம், பேர்ணாம்பட்டுப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே சுகாதாரப் பணிக்கு எடுக்கும் முன் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் படித்த இடத்துக்கே எழுதிக் கேட்கும். அந்தச் சோதனையில் போலி என்று வந்தால், விமான டிக்கெட் செலவோடு எதிர்காலமும் போய்விடும்.

அரசு வேலை நோக்கம் என்றால் இன்னும் ஒரு விஷயம். பட்டம் அசலாகவே இருந்தாலும், பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாக வாங்கிய டிகிரியைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. 2009-ன் 107-ஆம் எண் அரசாணை இதைச் சொல்கிறது.

பழைய தேதிச் சான்றிதழ்

‘சிங்கிள் சிட்டிங்’, ‘கிரெடிட் டிரான்ஸ்பர்’, ‘கேப் இல்லாம டிகிரி’ என்ற சொற்கள் காதில் விழுந்தால் அங்கே விற்பது பழைய தேதி. மூன்று ஆண்டுப் படிப்பை ஐந்து செமஸ்டரில் முடிக்க யுஜிசி இப்போது இடம் கொடுத்திருக்கிறது என்பது உண்மை. அதைக் காட்டியே ஆறு மாத டிகிரி விற்கிறார்கள். சுருங்குவது ஒரு செமஸ்டர் மட்டும்தான், அதுவும் சில மாணவர்களுக்குத்தான். பள்ளிகளிலும் கம்பெனிகளிலும் ஆள் எடுப்பவர்கள் பழைய தேதியைப் பிடிக்க வட ஆற்காட்டு வரலாறே உதவும். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2015 தேதியிட்ட சான்றிதழில் ‘இராணிப்பேட்டை மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தால் அது 2019-க்குப் பிறகு அடித்தது. 2002-க்கு முன் திருவள்ளுவர் பல்கலைக்கழகமே இல்லை. 1999-ல் இந்த ஊர்க் கலைக் கல்லூரியில் படித்தவரின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையதாக இருக்க வேண்டும். ரூபாய்க்கான புதுக் குறியீடு 2010 ஜூலையில் வந்தது. 2008 தேதியிட்ட கட்டண ரசீதில் அது இருக்க முடியாது. 2003 மார்க் ஷீட்டில் ஜிமெயில் முகவரி இருக்க முடியாது, ஜிமெயில் வந்தது 2004-ல். கலிப்ரி எழுத்துரு மக்கள் கைக்கு வந்தது 2007-ல். பட்டத்தில் கையெழுத்திட்ட துணைவேந்தர் அந்தத் தேதியில் பதவியில் இருந்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தொலைந்த சான்றுக்குப் பதில் வாங்கிய பிரதி புதிய லெட்டர்ஹெட்டில்தான் வரும். அதில் ‘டூப்ளிகேட்’ என்ற குறிப்பும் வழங்கிய தேதியும் இருக்கும். அவசரப்பட்டு நேர்மையானவரைச் சந்தேகித்துவிடக்கூடாது. அசல் என்று சொல்லும் தாளில் இந்தப் பிழைகள் இருந்தால்தான் பிரச்சினை.

தேதி, எழுத்துரு எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசிச் சொல் பல்கலைக்கழகத்துடையதுதான். உண்மைத்தன்மைச் சான்று கேட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கட்டணத்தோடு எழுத வேண்டும். சான்றிதழில் அச்சாகியிருக்கும் முகவரிக்கு எழுதாமல், யுஜிசி பட்டியலில் இருக்கும் முகவரிக்கு எழுத வேண்டும். பிஎச்.டி. என்றால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஆய்வேடு இருக்கிறதா என்று தேடுங்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு என்பது 2022 விதி. எட்-டெக் எனும் ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலையோடு சேர்ந்து நடத்துவதாகச் சொல்லும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று அதே ஆண்டு யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து அறிவித்திருக்கின்றன.

“உள்ளே ஆள் இருக்கு, வெரிஃபிகேஷன் வந்தா ஓகே சொல்லிடுவாங்க” என்று உறுதி கொடுக்கும் ஏஜென்டுகளும் உண்டு. சில இடங்களில் அது பொய்யுமல்ல. அங்கேதான் ஆபத்து அதிகம். இமாச்சலப் பிரதேசம் சோலனில் சட்டப்படி அமைந்த மானவ் பாரதி பல்கலைக்கழகம் பட்டங்களை விற்றதாக 2020-லிருந்து காவல்துறையும் அமலாக்கத்துறையும் விசாரித்தன. பதிவேடுகள் விசாரணை அதிகாரிகள் கைக்குப் போன பிறகு ‘உள்ளே இருந்த ஆள்’ எதற்கும் ஓகே சொல்ல முடியாது. வாங்கியவரும் தப்ப முடியாது. போலி ஆவணத்தை அசல் என்று காட்டிப் பயன்படுத்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-வது பிரிவின் கீழ் குற்றம். ஹால் டிக்கெட், தேர்வுக் கட்டண ரசீது, பருவம்தோறும் மார்க் ஷீட் இவை எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்த பட்டம் எதுவானாலும், பல்கலைக்கழகம் உண்மையானதே என்றாலும், தொட வேண்டாம்.

அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவில் அங்கீகாரத்தைத் தனியார் அமைப்புகள் கொடுக்கின்றன. அந்த அமைப்பை அந்நாட்டுக் கல்வித் துறையோ ‘சியா’ எனப்படும் உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலோ ஏற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தளங்களிலும் தேடும் வசதி உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தும் சிக்கிய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிச்சிகனில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன்’ என்று ஒன்றை அமெரிக்கக் குடியேற்றத் துறையே பொறியாக நடத்தியது. உண்மையான ஓர் அங்கீகார அமைப்பின் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. 2019 ஜனவரியில் வெளியே வந்தபோது பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். அதற்கு முன் 2011-ல் கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது இந்திய மாணவர்கள் சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவி கட்டினார்கள். ஃபார்மிங்டனில் எந்தப் பட்டியலும் காட்டாத ஒன்றை ஒரு சாதாரணக் கேள்வி காட்டியிருக்கும்: வகுப்பு எந்த அறையில், எந்தக் கிழமை, யார் எடுக்கிறார்கள்? அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. சேரும் முன் பாட அட்டவணையையும், இப்போது அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களின் தொடர்பையும் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் கொடுக்கும் மாணவர்கள் வேண்டாம். ஊர்க்காரர்கள் வழியாக நீங்களே தேடிப் பிடித்தவர்கள்.

பணம் கட்டியாகிவிட்டது என்றால்

ஜிபேயில் அனுப்பியிருந்தால் யார் பெயருக்குப் போனது என்று முதலில் பாருங்கள். தனிநபர் பெயராக இருந்தால் அதுவே ஆதாரம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கும் வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆக அது குறையும். சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணோடு எஸ்பி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அந்த இணையதளப் பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் (‘ஆர்கைவ் டாட் ஓஆர்ஜி’) சேமித்துவிடுங்கள், புகார் போனதும் அவர்கள் முதலில் செய்வது தளத்தை மாற்றுவதுதான்.

பணத்தைவிட அதிகமாகக் குடும்பங்களைக் கட்டிப்போடுவது அசல் சான்றிதழ்கள். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்பார்கள். உண்மையான கல்லூரியே அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018-ல் அறிவித்திருக்கிறது. பார்த்துவிட்டு நகலை வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். மார்க் ஷீட்டுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் மறுபிரதி வாங்கலாம் என்பதால், பலர் அவசரத்தில் ‘சான்றிதழ் பஸ்ஸில் தொலைந்துவிட்டது’ என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அது பொய்ப் புகார் ஆகிவிடும், அசல் சான்றிதழ் அவர்கள் கையில் இருப்பதற்கான உங்கள் ஆதாரத்தையும் நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். இன்ன தேதியில், இன்ன முகவரியில், இன்னாரிடம் கொடுத்த சான்றிதழைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்று நடந்ததை நடந்தபடி காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் நெருங்கினால், அண்மையில் தேர்ச்சி பெற்றவர்களின் மார்க் ஷீட் டிஜிலாக்கரின் ‘இஷ்யூட்’ பகுதியிலேயே கிடைக்கும். அதைக் காட்டித் தற்காலிகச் சேர்க்கை கேட்கலாம், டி.சி.க்குப் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் சிஎஸ்ஆர் நகலோடு போய் இரண்டாம் பிரதி கேளுங்கள்.